கோர்ட் கலையும் வரை

திருட்டுப்போன என் வண்டி கிடைத்துவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கிடைத்த வண்டியைக் கையில் வாங்க நடுவரின் உத்தரவு வேண்டும் என்றார்கள். மனுப் போட்டேன். ஸ்டேஷன் அறிக்கை வந்து, என் பெயரைக் கூப்பிட்டு, உத்தரவு கைக்குக் கிடைக்க மூன்று நாள் கோர்ட்டில் உட்கார வேண்டியிருந்தது. ஊரின் பெயரும் நீதிமன்றத்தின் எண்ணும் இங்கே வேண்டாம். ஒரு மாவட்டத் தலைநகர், அதில் ஒரு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். அந்த மூன்று நாளில் நான் யாரிடமும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. கூட்டம் வராந்தாவை நிறைத்து, படி இறங்கி, புங்கமரத்தடி வரை நின்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் திங்கட்கிழமையாகப் பார்த்துத் தேதி கொடுத்திருந்தார்கள். கோர்ட் ஏட்டு அவர்களை ‘டிடி கேஸ்’ என்றார். “டிடி எல்லாம் இப்படி வரிசையா நில்லுங்கப்பா. பெட்டி கேஸ் அந்தப் பக்கம்” என்று கையால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார். டிடி வரிசையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். எல்லோரும் குளித்திருந்தார்கள். பெரும்பாலோர் சட்டை இஸ்திரி போட்டது. பாதிப் பேர் நெற்றியில் விபூதி. குடித்தவர் ஒருவரும் அங்கே இல்லை. என்றைக்கோ ஒரு ராத்திரி குடித்திருந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். அந்த ராத்திரியின் அடையாளமாகச் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு காகிதம்.

எனக்கு முன் வரிசையில் நின்ற பையன் அதைப் பிரித்துப் பார்த்தான். ஊதும் கருவி துப்பிய சின்னச் சீட்டு. பஸ் டிக்கெட் அளவு. தேதி, நேரம், வண்டி எண், கீழே ஒரு எண். வெயிலில் வைத்தாலே வெளுத்துப்போகும் வகைக் காகிதம் அது. அவனுடையதில் வண்டி எண் ஏற்கெனவே பாதி காணாமல் போயிருந்தது. பெஞ்ச் கிளார்க்கின் மேசையில் இருந்த கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள். வாயில் வாடை அடித்தது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என 1971லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண் வேண்டும். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு.

ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் தெருவிலேயே அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம். குடித்து ஓட்டியதற்கு அப்படி முடியாது. போலீஸ் வாங்கிக்கொண்டு முடித்துவிடக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 கிடையாது. வழக்கு நடுவர் முன்னால் வந்தே ஆகவேண்டும். ஒரு மனிதரை இன்னொரு மனிதர் நேருக்கு நேர் பார்த்த பிறகே தண்டனை என்று சட்டம் நினைத்திருக்கிறது. அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பத்தரைக்கு நடுவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எல்லோரும் எழுந்தோம். டவாலி முதல் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை வராந்தா முழுக்க எதிரொலித்தது.

முதல் ஏழெட்டு வழக்குகள் மளமளவென்று போயின. பெயர், தகப்பனார் பெயர், ஊர். “இந்தத் தேதி, இந்த இடத்தில, மது அருந்திட்டு வண்டி ஓட்டினதா உங்க மேல வழக்கு. ஒத்துக்கிறீங்களா?” “ஒத்துக்கிறேன்மா.” “இதுக்கு முன்னாடி வழக்கு இருக்கா?” “இல்லைங்கம்மா.” “பத்தாயிரம். கட்டத் தவறினா பதினஞ்சு நாள். லைசென்ஸ் ஆறு மாசம் ரத்து.” ஒரு வழக்குக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சீட்டில் நாற்பத்தெட்டு காட்டியவருக்கும் பத்தாயிரம். நூற்று முப்பது காட்டியவருக்கும் பத்தாயிரம். கூண்டில் ஏறி இறங்கும் செருப்புச் சத்தத்தில்கூட வித்தியாசம் தெரியவில்லை.

முன்பு இப்படி இல்லை. 1988ஆம் வருஷச் சட்டத்தில் முதல் தடவைக்கு ‘இரண்டாயிரம் ரூபாய் வரை’ அபராதம் என்று இருந்தது. ‘வரை’ என்ற சொல்லுக்குள் நடுவருக்கு இடமிருந்தது. ஐந்நூறும் போடலாம், இரண்டாயிரமும் போடலாம். முப்பது வருஷம் அந்தத் தொகை அசையவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இரண்டாயிரம் அங்கேயே நின்றது. ஒரு ராத்திரிச் செலவோடு சேர்த்து எண்ணி வைத்துக்கொள்கிற தொகையாகிவிட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. தொகை பத்தாயிரம் ஆனது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்களைக் கறாராக வசூலிக்கத் தொடங்கியபோது டீக்கடைப் பேச்சே அதுதான். அதே திருத்தத்தில் ‘வரை’ என்ற சொல்லும் போய்விட்டது. இப்போது சட்டம் ‘பத்தாயிரம் ரூபாய் அபராதம்’ என்று மட்டும் சொல்கிறது. மறுமுறை பிடிபட்டால் பதினைந்தாயிரம். அதற்கும் ‘வரை’ கிடையாது.

ஏன் எடுத்தார்கள் என்பது புரியாமலில்லை. ஒரே குற்றத்துக்கு இந்த ஊர் கோர்ட்டில் ஒரு தொகை, அடுத்த ஊரில் ஒரு தொகை என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும். கெஞ்சத் தெரிந்தவருக்குக் குறைவு, வாயடைத்து நிற்பவருக்கு அதிகம் என்று ஆகிவிடும். வக்கீல் வைத்தவருக்கு ஒன்று, வைக்காதவருக்கு ஒன்று என்றும் ஆகும். இந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் கூண்டுக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்த பிறகு, எல்லோருக்கும் ஒரே தொகை என்பது எல்லோருக்கும் ஒரே தண்டனை ஆகாது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒன்பதாவதாக வந்தவன் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். இருபத்து மூன்று வயது என்றான். முழங்கையில் வண்டி ஓட்டிக் கறுத்த கோடு. பத்தாயிரம் என்றதும் தலையாட்டினான். “இப்போ எவ்வளவு இருக்கு?” என்று நடுவர் கேட்டார். “மூவாயிரத்து ஐந்நூறு.” அவர் பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்துவிட்டு, “மூணு தவணையா கட்டுறீங்களா?” என்றார். சட்டத்தில் அதற்கு வழி உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக இருந்து, கட்டாவிட்டால் சிறை என்றிருக்கும்போது, உடனே கட்ட முடியாதவருக்கு முப்பது நாள் வரை அவகாசம் கொடுக்கலாம். இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்தும் கட்டச் சொல்லலாம். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் முப்பது நாளைத் தாண்டக்கூடாது. தொகையில் கைவைக்க முடியாமல் போன நடுவருக்கு நாளில் கைவைக்கும் உரிமை மிச்சமிருக்கிறது. பையன் விரல் விட்டு எண்ணினான். நாலு, மூணு, மூணு. “சரிங்கம்மா” என்றவன் முகம் தெளிந்தது.

“லைசென்ஸ் ஆறு மாசம்.”

தெளிந்த முகம் அந்த இடத்தில்தான் விழுந்தது. “அம்மா, அது இல்லேன்னா வேலையே இல்லைங்கம்மா.”

நடுவர் உடனே பதில் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். “அதைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லப்பா. ஆறு மாசத்துக்குக் கீழ கோர்ட்டால போக முடியாது” என்றார். உண்மைதான். 185இல் தண்டிக்கப்பட்டவரின் உரிமத்தை ஆறு மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 20ஆம் பிரிவு. அபராதத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். ஆறு மாதத்தை யாரிடம் கடன் வாங்குவது? ஆனாலும் இந்தச் சட்டத்தில் சாலையை உண்மையிலேயே காப்பாற்றுகிற பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தாயிரத்தைக் கட்டியவர் அன்று மாலையே வண்டி எடுக்கலாம். உரிமம் போனவர் எடுக்கக்கூடாது. பையனுக்காக மனசு வலித்தது. அந்த விதி இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் மஞ்சப்பை. பைக்குள்ளிருந்து நாள்காட்டித் தாள்களின் கட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துபோன நாளின் தாளைக் கிழித்து, பின்பக்கம் அடுத்த தேதியை எழுதி வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார். ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எண்ணவில்லை, ஆனால் விரல் தடிமனுக்கு இருந்தது. 2021இல் அவருடைய மகன் ராத்திரி வேலை முடிந்து சைக்கிளில் வந்தபோது ஒரு வேன் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஓட்டியவர் குடித்திருந்தார். வழக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304 ஏ பிரிவில். அதில் அதிகபட்சமே இரண்டு வருஷம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது ஐந்து வருஷம். அவர் மகன் இறந்தது பழைய சட்டத்தின் காலத்தில்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்வரிசை வக்கீல் குமாஸ்தா இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இந்த வழக்குகளில் நீதிமன்றத்தின் கை எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு தூரம் வந்து நிற்கும் என்பதற்கு மும்பையின் கார்ட்டர் சாலை வழக்கை எல்லோரும் சொல்வார்கள். 2006 நவம்பரில் ஒரு விடிகாலை, நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய இளைஞரின் ரத்தத்தில் மது இருந்தது. கீழ்க் கோர்ட் ஆறு மாதச் சிறையும் ஐந்து லட்சம் அபராதமும் விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை மூன்று வருஷமாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று வருஷத்தை உறுதி செய்தது. ஒரே விடிகாலை, ஒரே கார், ஒரே ஏழு உயிர். ஒரு பெஞ்சுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு மூன்று வருஷம்.

அந்த அம்மா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக ஏறி, ஒத்துக்கொண்டு, பத்தாயிரம் வாங்கி இறங்குவதை. அவருக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்தேன். மகன் உயிர் அங்கே, பத்தாயிரம் இங்கே என்று எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

“இவங்களையெல்லாம் புடிச்சிருக்காங்களே தம்பி. அவனையும் அதுக்கு முன்னாடி ஒருநாள் புடிச்சு, இந்தப் பத்தாயிரத்தை வாங்கியிருந்தா…”

அதற்கு மேல் சொல்லவில்லை. தாள் கட்டை ரப்பர் பேண்டோடு பைக்குள் வைத்தார். அன்றும் அவர் வழக்குக்கு வாய்தாதான். புதிய தேதியை ஏட்டு எழுதிக் கொடுத்தார், அன்றைய தாளின் பின்பக்கம்.

பதினொன்றரைக்கு மேல் வந்தவர் இரும்புக்கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. சீட்டில் இருநூற்றுப் பதினான்கு. ஒத்துக்கொண்டார். கை ஏற்கெனவே பணப்பைக்குப் போயிருந்தது. நடுவர் தாளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, “வண்டியில வேற யார் இருந்தாங்க?” என்று கேட்டார்.

“என் பொண்ணு.”

“வயசு?”

“ஒன்பது.”

“முன்சீட்டா, பின்சீட்டா?”

“முன்னாடி.”

“பெல்ட் போட்டிருந்தாளா?”

அவர் பதில் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நீங்க ஒத்துக்கிட்டதை நான் இப்போ பதிவு பண்ணல. உங்க விஷயத்துல சிறைத் தண்டனையும் யோசிக்கணும்னு நினைக்கிறேன். வக்கீல் வெச்சுக்கிட்டு மத்தியானம் வாங்க. அவர்கிட்டப் பேசிட்டு அதுக்கப்புறம் ஒத்துக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.”

அவர் கூண்டை விட்டு இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் பெரிய ஆறுதல். முப்பத்தொன்றும் இருநூற்றுப் பதினான்கும் ஒன்றல்ல என்று கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார். அபராதத்தில் ‘வரை’ போய்விட்டாலும் சிறையில் அது அப்படியே இருக்கிறது: ‘ஆறு மாதம் வரை’. அந்த இடத்தில் நடுவரின் கண்ணுக்கு வேலை இருக்கிறது. யார் இருந்தார்கள், எந்தச் சாலை, எவ்வளவு வேகம், பள்ளிக்கூடம் விடும் நேரமா என்று கேட்க முடியும். கேட்பதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் எல்லா வழக்குக்கும் கிடைப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வேறு நாட்டில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பின்லாந்தில் 1921 முதலே நாள் கணக்கில் அபராதம் போடுகிறார்கள். குற்றத்தின் கனத்துக்கு ஏற்ப இத்தனை நாள் என்று நீதிபதி முடிவு செய்வார். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. குடித்து ஓட்டுவதற்கும் அங்கே அப்படித்தான். கூலிக்காரருக்கும் முதலாளிக்கும் நாள் எண்ணிக்கை ஒன்று, கொடுக்கும் பணம் வேறு. நம் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் பத்தாயிரத்துக்குக் கீழே போகவேண்டிய வழக்கில் ஏன் போகிறேன், மேலே போகவேண்டியதில் ஏன் போகிறேன் என்று நடுவர் இரண்டு வரி காரணம் எழுதினால் போதும். அந்த எழுத்து இருந்தால் மேல் கோர்ட்டில் யாரும் கேட்கலாம், எழுதாத தயவைப் பற்றிய பயமும் இருக்காது. ‘வரை’யைத் திருப்பிக் கொடுங்கள், காரணத்தையும் கட்டாயமாக்குங்கள் என்பதுதான் என் ஆசை.

பன்னிரண்டு மணிக்கு எதிர்ச்சாரியில் இரண்டு தெரு தள்ளி அரசு மதுக்கடையின் ஷட்டர் திறக்கும். வரிசையில் நின்ற ஒருவர் அதைப் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். 2003 முதல் இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரக் கடைகளை ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் தள்ளச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்ததுதான். பிறகு அதற்கு ஒவ்வொன்றாக விலக்கு வந்தது. கூண்டில் ஏறி நிற்பவர் தன் தவற்றுக்குத் தானே பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு கடையிலும் இருக்கிறது. அந்தப் பங்கைக் கூண்டில் ஏற்ற எந்தப் பிரிவும் இல்லை.

மத்தியானம் இரண்டேகாலுக்குப் பிறகு பெயின்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். குளித்துத்தான் வந்திருந்தார், ஆனால் நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட் போகவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடிக்கும்போது அதை மறைக்க விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார். டிவிஎஸ் எக்செல். சீட்டில் நாற்பத்தொன்று. முதல் வழக்கு.

“ஒத்துக்கிறேன்மா. தப்புதான்.”

“என்ன கூலி?”

“எண்ணூத்தம்பது. வேலை இருந்தா.”

“எத்தனை நாள் இருக்கும்?”

“வாரத்துல நாலு நாள் கிடைச்சா பெரிசுங்கம்மா. மழை வந்துட்டா அதுவும் இல்ல.”

பன்னிரண்டு நாள் கூலி பத்தாயிரம். வாரம் நாலு நாள் என்றால் மூன்று வாரம் முழுக்க. சாப்பாடு, வாடகை எதுவும் இல்லாமல். நடுவர் தவணை கேட்டார். அவர் தலையை ஆட்டவில்லை. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் வாங்கிய வட்டிக் கடனே இன்னும் நிற்கிறது என்றார். கெஞ்சவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “கட்டலேன்னா எத்தனை நாள்மா உள்ள?” என்று கேட்டார். பதினைந்து நாள் உள்ளே போனால் என்ன செலவு மிச்சம், என்ன கூலி போகும் என்று அவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

நடுவர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். அரசு வழக்கறிஞர் எழுந்து, “வழக்கமா எல்லாருக்கும் ஃபைன்தான்மா போடுறோம்” என்றார்.

“தெரியும். ஆனா செக்‌ஷன்ல ‘அல்லது’ன்னு இருக்கில்லையா?”

அரசு வழக்கறிஞர் பேசவில்லை. சிறை, அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். சிறைக்கு அதிகபட்சம் உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. நடுவர் எழுதினார். எழுத வெகுநேரமானது. எழுதி முடித்துப் படித்தார்: முதல் குற்றம், அளவு வரம்பை ஒட்டியது, விபத்து இல்லை, யாருக்கும் காயமில்லை, தினக்கூலி. இந்தக் காரணங்களால் நீதிமன்றம் கலையும் வரை சாதாரணச் சிறை. உரிமம் ஆறு மாதம் நிறுத்தம்.

“புரியுதா? இன்னிக்குக் கோர்ட் முடியற வரைக்கும் இங்கேயே இருக்கணும். வெளிய போகக்கூடாது. ஃபைன் கிடையாது. ஆனா ஆறு மாசத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. தொட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவருக்கு முழுக்கப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஏட்டு அவரைக் கூட்டிவந்து என் பெஞ்சின் மறுமுனையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் நகங்களை மறைப்பதை அப்போதுதான் விட்டார்.

மூன்றரைக்கு இரும்புக்கடைக்காரர் வக்கீலோடு வந்தார். வக்கீல் பேசினார், குடும்ப கௌரவம், சமூக சேவை, இனிமேல் நடக்காது. நடுவர் எல்லாவற்றையும் கேட்டார். அவர் ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். ஏழு நாள் சாதாரணச் சிறை, பத்தாயிரம் அபராதம், உரிமம் ஒரு வருஷம். “குழந்தை இருந்ததாலதான்” என்று ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சொன்னார். அபராதத்தை அங்கேயே கட்டினார்கள். உடனே வக்கீல் இன்னொரு மனுவை நீட்டினார், மேல்முறையீடு செய்யப்போவதால் தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி. சட்டத்தில் அதற்கு வழி உண்டு. குறைந்த தண்டனை என்றால் அந்த நடுவரே அவகாசம் கொடுக்கலாம். கொடுத்தார். நாலரைக்கு அவர் காரில் ஏறிப் போனார். டிரைவர் ஓட்டினார்.

பெயின்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. காலையிலிருந்து அந்த அறையில் நடந்ததெல்லாம் சட்டப்படி சரி. நடுவர் தன் கையில் மிச்சமிருந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு முடிந்த அளவு நியாயம் செய்தார். அப்படியும் அன்று மாலை வரை அந்த அறையை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தவர் நாற்பத்தொன்று காட்டியவர்தான்.

2024 ஜூலையில் வந்த அந்தப் புதிய சட்டமான நியாய சன்ஹிதாவில் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் அதைக் கொடுக்கலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கொடுக்க முடியாது, அது வேறு சட்டம். விபத்து செய்த ஒரு இளைஞருக்கு ஜாமீன் கொடுக்கும்போது அடையாறில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது உண்டு. அது உயர் நீதிமன்றத்தின் கை. இங்கே இந்த நடுவரிடம் மனம் இருக்கிறது, கையில் பிரிவு இல்லை. அந்த இரும்புக்கடைக்காரர் ஒரு மாதம் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளியிருந்தால், ஏழு நாள் சிறையைவிடப் பெரிதாக ஏதோ நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

என் பெயரை ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். வண்டியை விற்கமாட்டேன், நிறம் மாற்றமாட்டேன், கேட்டால் கொண்டுவருவேன் என்று கையெழுத்துப் போட்டு உத்தரவை வாங்கினேன். போயிருக்கலாம். போகவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு நடுவர் கடைசிக் கட்டை மூடி எழுந்தார். எல்லோரும் எழுந்தோம், பெயின்டரும் எழுந்தார். நடுவர் உள்ளே போனார், கதவு சாத்தியது. பெஞ்ச் கிளார்க் கட்டுகளை நாடாவால் கட்டினார். டவாலி மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பெயின்டர் காலி நாற்காலியைப் பார்த்துக் கைகட்டி நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னும் ஏம்ப்பா நிக்கிற? கோர்ட் கலைஞ்சுடுச்சு. போ.”

“வண்டிங்கய்யா?”

“லைசென்ஸ் இருக்கிறவன் யாரையாவது கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வா. நீ ஓட்டிட்டுப் போகக் கூடாது.”

புங்கமரத்தடியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் தூக்குவாளி, திறக்காமல் இருந்தது. அவர் கிட்டே போய் என்னவோ சொன்னார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தூக்குவாளியை அவரிடம் கொடுத்தார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நானும் அந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். டவுன் பஸ் வந்தது. அவர் சட்டைப் பையைத் தடவி, ஊதின சீட்டை எடுத்து, அதைத் திரும்ப வைத்து, சில்லறையைத் தேடினார்.

“எனக்கு வேணாம், ஃப்ரீதான்” என்றார் மனைவி, படியில் ஏறிக்கொண்டே. “உனக்கு மட்டும் எடு.”